கையைத் தூக்காமல் எடுத்த படம்

போர் விமானத்தை அதன் சத்தத்தை வைத்துத் தேடினால் அகப்படாது. சத்தம் வருகிற இடத்தில் வானம் வெறுமையாக இருக்கும். விமானம் அதற்குள் எவ்வளவோ தூரம் முன்னே போயிருக்கும். இதை எனக்குச் சொன்னவள் என் மகள். பெங்களூருவுக்கு வெளியே, பூச்சு வேலை முடியாத ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், பிப்ரவரி வெயிலில், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

“சத்தத்தப் பாக்காதம்மா. அதுக்கு முன்னாடி பாரு.”

நான் இரண்டையும் பார்க்கவில்லை. இடுப்பருகே அவளுடைய சுடிதாரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அவள் செருப்புக்கும் மாடியின் விளிம்புக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பியிருக்கவில்லை.

நான் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் திருவண்ணாமலை. தீபத்தன்று மாலையில் ஊரே மாடிகளில் நிற்கும். மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் எல்லாருடைய கைகளும் தலைக்கு மேலே போகும், ‘அரோகரா’ என்ற குரல் தெருத்தெருவாக எழும். இடுப்புக் குழந்தையாக இருக்கும்போது அம்மாதான் நம் கைகளைப் பிடித்துத் தூக்கிவிடுவாள். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் அவை தாமாகவே போய்விடும்.

பெங்களூரு போவதற்கு முந்தைய கார்த்திகையில், தீபத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று என் மகள் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றாள். செங்கம் ரோட்டு விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கேமரா அது. கூடவே முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் வந்திருந்தது. சுடர் தெரிந்தது. அவள் படம் எடுக்கவில்லை. கேமரா கழுத்தில் தொங்க, இரண்டு கைகளையும் தூக்கினாள். என் கைகளும் மேலேதான் இருந்தன, கண்கள் மலைமேல். அரோகராவுக்கு நடுவில் எனக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அவள் வயிற்றின்மேல் விழுந்ததால். மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் என் உதறல் அடங்கவில்லை. கோயில் நகரத்தில் தேங்காய் உடைபடும் சத்தத்துக்குப் பஞ்சமா? ஒவ்வொரு காய் உடையும்போதும் நான் திரும்பி அவளைத் தேடினேன்.

அவளுக்கு அப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு. அடுத்து சென்னையில் புகைப்படக் கலை படிக்க வேண்டும் என்று நின்றாள். அங்கே சேர, தானே எடுத்த சில படங்களைக் காட்ட வேண்டும். ஒரு முகம், ஒரு கட்டடம் என்று எல்லாம் தயாராக இருந்தன. வேகமாகப் போகும் ஏதாவது ஒன்றின் படம் மட்டும் பாக்கி. என் அலுவலகம் இருந்த வேங்கிக்கால் சாலையில் நின்று பேருந்துகளை எடுத்துப் பார்த்தாள். பிரிண்ட் வந்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

“எல்லா பஸ்ஸும் ஸ்டாண்டுல நிக்கற மாதிரியே இருக்கும்மா. எடுத்தா ஜெட்டத்தான் எடுக்கணும்.”

“பி.எட். சேந்துட்டா எந்தத் தொட்டி மேலயும் ஏற வேணாம்” என்றேன்.

“அந்த ஒரு படம் கெடைக்கலன்னா பி.எட். சேந்துடறேன். போதுமா?”

அந்தப் பேச்சு எனக்கு வசதியாகவே இருந்தது. வெளியூரில் வேலையாக இருந்த அவள் அப்பா, “நீயும் கூடப் போயிட்டு வா” என்று போனில் சொல்லிவிட்டார். அப்படித்தான் பெங்களூருவில் விமானங்கள் வித்தை காட்டும் நாளுக்கு, முதல் நாளே பேருந்து ஏறி, என் தம்பி வீட்டில் தங்கிக் காலையில் விமானத் தளத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தோம்.

கீழே நின்றால் தைல மரங்கள் பாதி வானத்தை மறைத்தன. சாலையோரத்தில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் வாசலில் சாந்துச் சட்டியோடு நின்ற சித்தாள் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினாள்.

“இன்னா ஊருக்கா நீங்க?”

“திருவண்ணாமலை.”

“அட, நம்மூரு! நான் செங்கம் பக்கம். மேல ஏறிப் பாருங்க, சோக்கா தெரியும். மேஸ்திரி கேட்டா எங்கக்கான்னு சொல்லிக்கறேன்.”

என் மகள் அதற்குள் நான்கு படி ஏறியிருந்தாள்.

முதல் விமானம் எங்களைக் கடந்தபோது நான் குனிந்துவிட்டேன். சத்தம் காதில் விழுந்தது என்று சொல்ல முடியாது. விலா எலும்பில் இறங்கியது. நிமிர்ந்தபோது அது வானத்தின் மறுகோடியில் ஒரு வெள்ளிப் பொடியாக இருந்தது. அடுத்து இரண்டு விமானங்கள் எதிரெதிராக வந்தன. மோதிவிட்டன என்றே நினைத்தேன். ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சாய்ந்து, கோயில் பிரகாரத்தில் எதிரே வருபவருக்கு ஒதுங்கிக் கொடுப்பதுபோல அத்தனை மரியாதையாக விலகிப் போயின. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தாய்மார் இருப்பார்களே என்று தோன்றியது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அவ்வளவு கனத்த இரும்பு தாளைத் திருப்புவதுபோலத் திரும்பியது.

என் மகளும் திரும்பினாள். கால்களை அகட்டி ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்புக்கு மேலே மட்டும் விமானத்தோடு சேர்ந்து சுழன்றாள். பொத்தானை அமுக்கிய பிறகும் சுழற்சியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் படம் கலங்கிவிடுமாம். உடைந்து கூடிய மணிக்கட்டுதான் அந்த நீள லென்ஸின் பாரத்தைத் தாங்கியது. வீட்டில் குடத்தைத் தூக்க நான் விடாத கை அது.

“விடும்மா. உன் நடுக்கம் லென்ஸ்ல தெரியுது.”

“நான் ஒண்ணும் நடுங்கல.”

“நடுங்குற. விமானம் குதிக்குது பாரு.”

சித்தாளும் இன்னும் இரண்டு பெண்களும் வேலையைப் போட்டுவிட்டு மேலே வந்திருந்தார்கள். “இன்னாக்கா, கன்னுக்குட்டியப் புடிச்சிக்கினு நிக்கறாப்ல நிக்கறீங்க?” என்றாள் அவள்.

“விட்டா ஓடிடும்” என்றேன்.

“ஓடட்டுமே. கயிற மட்டும் நீங்க வெச்சிக்கோங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் பிடியை விடவில்லை. மதியம் கடந்தது. ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருளும் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அவள் உதடு பிதுங்குவதைப் பார்த்தேன். “கடைசி ஆட்டம் வரப்போவுது” என்று மட்டும் சொல்லி, லென்ஸை முந்தானையில் துடைப்பதற்காக என்னிடம் நீட்டினாள்.

அந்நேரம் மேகம் கூடி வானம் மங்கியிருந்தது. ஒற்றை விமானம் மட்டும் தாழ்வாக வந்தது. எங்களுக்கு நேர் எதிரே வந்ததும் மூக்கைத் தூக்கி, சாய்வே இல்லாமல் செங்குத்தாக ஏறியது. அதன் வாலில் இரண்டு நெருப்புகள் பிடித்துக்கொண்டன. அடியில் நீலமும் நுனியில் செம்மஞ்சளுமாக, அசையாமல், மேகத்தை நோக்கி ஏறிக்கொண்டே போயின. அவ்வளவு உயரத்தில் ஒரு சுடரை நான் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

“அரோகரா!” என்று கத்தினாள் செங்கத்துக்காரி.

“அரோகரா!” என்றது என் வாய்.

சத்தம் வந்து மாடியை உலுக்கிவிட்டுப் போன பிறகுதான் என் இரண்டு உள்ளங்கைகளும் தலைக்கு மேலே கூப்பியிருப்பது தெரிந்தது. இரண்டும் காலி. மறுபடியும் நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்னால் கேட்கப்போகும் அந்தத் தொப்பென்ற சத்தத்துக்காக என் முதுகு முழுவதும் காத்திருந்தது.

கேட்கவில்லை. திரும்பினேன். விளிம்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி அவள் நின்றாள். பின்னால் வளைந்து, முகம் வானத்தைப் பார்க்க, முழங்கைகள் விலாவை விட்டு அசையாமல் நின்றாள். பொத்தான் இன்னொரு முறை சொடுக்கியது. பிறகு பிலிம் நகர்த்தும் நெம்புகோல் பாதியில் நின்றுவிட்டது.

“ரோல் முடிஞ்சுபோச்சு” என்றாள். கேமராவை இறக்கி என்னைப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். “அம்மா, கைய எறக்கு. போயிட்டான்.”

“நீ தூக்கலியே?”

“எனக்கும் வந்துச்சு. வயித்துல அமுக்கிக்கிட்டேன்.”

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். செங்கத்துக்காரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “கன்னுக்குட்டி எங்கயும் ஓடலக்கா” என்றாள்.

ஊருக்குத் திரும்பி, தேரடித் தெருவில் ஒரு ஸ்டூடியோவில் பிலிமைக் கழுவக் கொடுத்தோம். இரண்டு சுருள்களையும் விளக்குப் பெட்டிமேல் விரித்து, பூதக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனாள். எதிரெதிராக வந்த இரண்டும் கலங்கியிருந்தன. முதலில் கடந்துபோனதன் வால் இரண்டிரண்டாகத் தெரிந்தது. என் நடுக்கம் வரிசையாக அச்சாகியிருந்தது. இரண்டாவது சுருளின் கடைசிக்கு வந்ததும் கண்ணாடி நின்றது. நெகடிவில் வெளிச்சம் கறுப்பாகத்தான் தெரியும். கூராக, பிசிறில்லாமல், இரண்டு கறுப்புச் சுடர்கள்.

ஸ்டூடியோக்காரர் எட்டிப் பார்த்தார். “தீபமாம்மா? ஒண்ணுதான ஏத்துவாங்க, ரெண்டு தெரியுது?”

“இது வேற தீபம் அண்ணே” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, மெதுவாக, “நீ கைய விட்டப்ப எடுத்தது” என்றாள்.

பி.எட். பேச்சு அதோடு நின்றது. இப்போது அவள் சென்னையில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

“எங்கடி நிக்கற?”

“தரையிலதாம்மா.”

பின்னணியில் காற்றுச் சத்தம் ஜாஸ்தியாக இருக்கும். நான் மேலே எதுவும் கேட்பதில்லை.