இருவருக்கும் ஒரே பெட்டி

குழந்தைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் குழந்தைகள் நல அலுவலகத்தில் எழுதி வைக்காத விதி. பத்தொன்பது வருஷமாக அதைக் காத்த லொரெய்ன் கோவாக், அந்த வெள்ளிக்கிழமை மீறினார்.

பாதுகாப்பில்லாத வீட்டிலிருந்து அழைத்து வரும் பிள்ளைகளின் துணிகளைக் கறுப்புக் குப்பைப் பையில்தான் நாங்கள் எடுத்து வருவோம். லொரெய்ன் மட்டும் பழைய பொருள் கடையில் பெட்டி வாங்கி வைத்திருப்பார்.

"சுற்றுலா போறோம்னு பிள்ளைங்க நெனைக்கப் போறாங்க" என்று கேலி செய்வோம்.

"நெனைக்கட்டும். தங்களைக் குப்பைன்னு நெனைக்காம இருந்தா சரி."

அன்று அவரிடம் இருந்தது ஒரே பெட்டி. ஒன்பது வயது டெஸ்ஸா, "வயட் என்கூடத்தானே வருவான்?" என்று கேட்டாள். அவள் தம்பி வயட்டுக்கு நாலு வயது. ஜோடி என்ற பெயருடைய அவர்களின் சித்தி இருவரையும் வைத்துக்கொள்ளத் தயார். அவர் வீட்டையும் லொரெய்னே போய்ப் பார்த்திருந்தார்.

"ஆமா, உன்கூடத்தான்" என்று சொல்லி, இருவர் துணியையும் ஒன்றாக அடுக்கினார்.

அலுவலகத்தில் ஜோடியின் பெயர் கணினியில் சிவப்பாக நின்றது. இருபது வயதில் ஒரு திருட்டு வழக்கு; அப்படிப்பட்டவரிடம் பிள்ளைகளை விட விதி இடம் தரவில்லை.

"அவ எடுத்தது பால் பவுடர், மார்லா" என்றார் லொரெய்ன்.

"தெரியும். விலக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் மேற்பார்வையாளர் மார்லா. "விலக்குக் குடுக்கிற குழு புதன்கிழமைதான் கூடும்."

"வேலையில முடிவெடுக்கிற சுதந்திரம் இருக்கான்னு மார்க் போடச் சொல்லிப் போன வாரம் ஒரு படிவம் அனுப்பினீங்களே. அஞ்சுக்கு நாலு போட்டேன். திருப்பிக் குடுங்க, திருத்தணும்."

மார்லா திரையில் வேறு வீடுகளைத் தேடத் தொடங்கினார்.

இடம் கிடைத்தவை இரண்டு வளர்ப்பு வீடுகள், ஆளுக்கு ஒன்று, நடுவே அறுபது மைல். வயட்டை நான் கூட்டிப் போக வேண்டும். வண்டிகள் நிற்கும் இடத்தில், காரின் முன்மூடிமேல் பெட்டியைத் திறந்து லொரெய்ன் இருவர் காலுறைகளையும் தனித்தனியாகப் பிரித்தார்.

"நீங்கதானே சொன்னீங்க" என்றாள் டெஸ்ஸா.

டெஸ்ஸா என் கையிலிருந்த கறுப்புப் பையை வாங்கித் தன் துணிகளைப் போட்டுக்கொண்டாள். "பெட்டி அவனுக்கு."

திங்களன்று லொரெய்ன் மேசையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது.

"குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை வயட்டை டெஸ்ஸாவைப் பார்க்கக் கூட்டிட்டுப் போகணும். நான் போயிட்டா இன்னொரு புது முகம் வரும்." கடிதத்தை இழுப்பறையில் போட்டார். உள்ளே வேறு மூன்று கிடந்தன, பழைய தேதிகளோடு.

புதன்கிழமை குழு கூடவில்லை. உறுப்பினர் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

"டெஸ்ஸாகிட்ட என்ன சொல்லட்டும்?" என்று லொரெய்ன் என்னைக் கேட்டார்.