மூடிக்கு அடியில் வைக்காத உருண்டைகள்

பக்கவாதத்துக்குப் பிறகு மனைவியின் வலது கையில் பிடி திரும்பவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஆறு மாதமாகப் பந்தை அழுத்தச் சொல்கிறார். பந்து சௌக்கியமாக இருக்கிறது. திருகுமூடி டப்பா ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட வேண்டியிருப்பதுதான் அவளுக்கு நோயைவிடப் பெரிய அவமானம். என்னால் ஆவது ஒன்றுமில்லை. ஒன்றும் ஆகாதபோது நான் ஏதாவது வகுப்பில் சேர்ந்துவிடுவேன்.

இம்முறை நகரத்துக்கு வெளியே பேயாடு என்ற ஊரில் மண்பாண்ட வகுப்பு. நான்கு மாதத்தில் உப்புப் போட ஒரு பரணி செய்தேன். திருகு கிடையாது, பெரிய குமிழ், இடது கையால் தூக்கினால் வந்துவிடும் மூடி.

எங்கள் சூளையில், நெருப்பு உச்சத்தில் இருக்கும்போது சோடாக் கரைசலை உள்ளே பீய்ச்ச வேண்டும். அதன் ஆவி பட்ட இடமெல்லாம் கண்ணாடிப் பூச்சாகும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டை ஒன்றாக்கியும் விடும். அதனால் பாத்திரத்துக்கு அடியிலும் மூடிக்கு அடியிலும் ஒட்டாத வெள்ளை மண் உருண்டைகள் வைப்பார்கள். சாலைக் கடையில் நான்கு கிலோ ஆப்பசோடா கேட்டபோது, "எத்தன பேருக்கு ஆப்பம், அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

அடுக்கும்போது பரணிக்கு அடியில் மூன்று உருண்டை வைத்தேன். மூடி எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது என்று கூடப் படிப்பவர்களுக்கு இரண்டு தடவை மூடிக் காட்டினேன். மூடியபடியே உள்ளே வைத்தேன்.

மூடிக்கு அடியில் உருண்டை வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது மறுநாள் மதியம், செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை ஆசிரியை என் கையில் கொடுத்தபோது. சூளைத் துளை வழியே பார்த்தால் பரணி தகதகத்தது. தொட்டுவிடும் தூரம்தான், நடுவில் ஆயிரத்து இருநூறு டிகிரி.

ஆசிரியை மலையாளி, என் மகள் வயது. விஷயத்தைச் சொன்னேன். இப்போது நிறுத்தினால் மற்றப் பதினோரு பேர் பாத்திரமும் போய்விடும் என்றார். பிறகு மெதுவாக, "இனி ஒண்ணும் செய்யான் பற்றில்லா, சாரே. ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க அடிங்க."

அடித்தேன். என் பரணியை நானே ஒட்டவைத்தேன், சீராக, எல்லா மூலைக்கும் படும்படி. நன்றாக அடித்ததாகப் பாராட்டும் கிடைத்தது.

இரண்டு நாள் ஆறவிட்டுத் திறந்தோம். ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி விழுந்து, அழகாக வந்திருந்தது. ஆசிரியை மரக்கட்டையால் மூடியைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். இன்னும் ஓங்கினால் உடையும் என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

வீட்டில் நான் விளக்கத்தைத் தொடங்குவதற்குள் அவள் இடது கையால் குமிழைப் பிடித்துத் தூக்கினாள். பரணி முழுசாக வந்தது.

"பிடிக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "தொறக்கதுக்கு என்ன செய்யணும்?"

உருண்டை வைக்க மறந்ததைச் சொன்னேன்.

கீழே வைத்தாள். வலது கையையும் எடுத்துக் குமிழின்மேல் வைத்துப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை. நான் பரணி ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.