ஆறு பேருக்கான சஹன்

மெல்பர்ன் ஓரத்து வெரிபீயில் நஜிமுதீனுக்கு வீடு பெரிசு, ஆள் ஒன்று. மனைவி சாரா உம்மா மௌத்தான பிறகு அவர் பெரிதாக எதுவும் சமைத்ததில்லை. பாணும் டின் மீனும் போதும் என்பார். போதவில்லை என்பது முகத்திலேயே தெரியும். ஆனால் மனிதர் வீம்புக்காரர். சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் மகன் போன் எடுத்தாலும் "நான் நல்லா இரிக்கன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

2006 நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு மமடு வந்து கூப்பிட்டான். செனகல்காரன், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. நோன்பு திறந்ததும் வந்துவிடலாம் என்றுதான் நஜிமுதீன் போனார். அங்கே தரையில் துணி விரித்து, நடுவில் ஒரே ஒரு பெரிய தட்டு. அடியில் சோறு, மேலே மீனும் மரவள்ளியும் முட்டைக்கோவாவும் கத்தரிக்காயும் போட்டு, தக்காளியும் புளியும் சேர்த்துக் கொதிக்கவைத்த சிவந்த குழம்பு. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லார் கையும் அந்த ஒரே தட்டில்.

காத்தான்குடியில் சஹன் என்ற பெரிய தட்டில் கூடிச் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆறு பேருக்கு ஒரு சஹன். அவரவர் முன்னால் உள்ளதைத்தான் எடுக்கவேண்டும். நல்ல துண்டு கையில் பட்டால் எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடவேண்டும். மமடுவின் மனைவி, அவா என்று பெயர், மீனை முள் எடுத்துப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினாள். சாரா உம்மாவும் அப்படித்தான் செய்வாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் கூடிவிட்டதோ என்று அவா பயந்தாள். கிழக்கிலங்கை ஆளுக்கு அதெல்லாம் ஒரு உறைப்பா?

பிறகு வெள்ளிக்கிழமை தோறும் சாப்பாடு அங்கேதான். அவாவின் அடுப்படியில் நின்று குழம்பின் பக்குவத்தையும் பழகிக்கொண்டார். அடுத்த வருடம் மமடுவுக்குப் பெர்த்தில் வேலை கிடைத்து, குடும்பமே போய்விட்டது. நஜிமுதீன் மறுபடி டின் மீனுக்கு வந்தார்.

டிசம்பர் விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ரயிலேறி ஃபுட்ஸ்கிரே சந்தைக்குப் போய் மீன் வாங்கினார். சாரா உம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் சஹனைப் புளி போட்டுத் தேய்த்தார். ஹோலில் பாய் விரித்து, சோறும் குழம்புமாக அதை நடுவில் வைத்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: எல்லாரும் சுற்றி உட்காரவேண்டும்.

"ஒரே பிளேட்டிலயா மாமா? இவங்களுக்குப் பழக்கமில்லயே" என்றாள் மருமகள் லைலா.

பேரன் ஃபோர்க் கேட்டான். மகன் வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "முழங்கால் நோவுது வாப்பா, நான் கதிரையில இரிக்கன்" என்றான்.

ஆளுக்கொரு தட்டில் அள்ளிக்கொண்டு டீவி பக்கம் போனார்கள். குழம்பு நல்ல ருசி என்று அங்கிருந்தே சொன்னார்கள்.

நஜிமுதீன் பாயில் தனியே இருந்து, தன் முன்னால் உள்ளதை மட்டும் சாப்பிட்டார். விரலில் மீனின் நல்ல நடுத்துண்டு ஒன்று பட்டது. முள்ளை எடுத்துவிட்டு, பழக்கத்தில் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அந்தத் துண்டு ஆறிப்போகும்வரை அவர் கை கழுவ எழும்பவில்லை.