நீங்க பேசுங்க அண்ணே, நாங்க பின்னாடி நிக்கிறோம்

சந்தனசாமிக்கு ஜோகூரில் எங்கள் பக்கத்தில் ஒய்பி என்று பேர். ஓட்டு வாங்கி ஜெயித்தவர்களை மரியாதையாக ஒய்பி என்று கூப்பிடுவார்கள் இல்லையா, அந்த ஒய்பி. இவர் எந்தத் தேர்தலிலும் நின்றவர் இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் மாவட்ட மன்ற ஆபீசுக்குப் போய்ச் சொல்வார், குப்பை லாரி வராவிட்டால் போன் அடிப்பார், அவ்வளவுதான். அதற்குத்தான் இந்தப் பட்டம். காப்பிக் கடையில் அவர் தலை தெரிந்தால் போதும், "எந்திரிங்கடா, ஒய்பி வர்றாரு, கையைக் கட்டுங்கடா" என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். மற்றவர்கள் தே தாரிக் டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வேறு என்ன செய்வது?

அவர் எனக்குச் சொந்தம். அவர் மனைவி செசிலியா என் சின்னம்மா மகள். சின்னம்மா ரெங்கம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். லாபிஸில் மாதா கோயில் திருநாளுக்கு வந்த இடத்தில் செசிலியாவைப் பார்த்துப் பெண் கேட்டவர் சந்தனசாமியின் அப்பா அந்தோணிமுத்து. அந்தோணிமுத்து ரப்பர் தோட்டத்தில் தண்டலாக, அதாவது ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரியாக இருந்தவர். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். நடந்தது எல்லாவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

தோட்டத்தில் துரையிடம் யாரும் நேராகப் பேச முடியாது. தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் சரி, லயத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும் சரி, தண்டல்தான் போய்ப் பேச வேண்டும். மற்றவர்கள் பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடுகிற அந்த இடத்தில், தலையைக் குனிந்து கொண்டு பின்னால் நிற்பார்கள். கொஞ்ச காலம் போனதும் பின்னால் நிற்பதையும் விட்டுவிட்டார்கள். தண்டல் பேசிக்குவாரு. கிடைத்தால் எல்லாருக்கும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தண்டலைத் திட்டலாம். சுகமான ஏற்பாடுதான்.

தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு வெளிநாட்டு ஆள் வந்தான். நம் ஆட்களுக்குப் பாலோவுக்குப் பக்கத்தில் வரிசை வீடுகள் கிடைத்தன. லயம் லயமாக அப்படியே வந்து குடியேறினார்கள். தாமான் என்றால் குடியிருப்பு. இடம் பள்ளம், அதனால் பள்ளத் தாமான் என்று பேர். சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டுத் தாமான். அங்கே இருப்பவர்கள் நாலா ஊரிலிருந்தும் வந்த கலப்பு ஜனம். அவர்களுக்குத் தண்டல் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

பள்ளத் தாமானில் வீடுகளுக்குப் பின்னால் ஒரு லோங்காங் ஓடும். சாக்கடை என்று சொல்லலாம், ஆனால் முழங்கால் ஆழம்கூட இல்லை. பெரிய மழை வந்தால் தண்ணீர் அடுப்படி வழியாக உள்ளே வந்துவிடும். மற்ற வீடுகளில் துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். சந்தனசாமி வீட்டில் அது முடியாது. செசிலியாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார். தண்ணீர் கட்டிலை நோக்கி வருவதை அவள் படுத்தபடியே பார்ப்பாள். "ம்ம், ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். நான் போயிருந்தபோது ஒருநாள் அதைக் கேட்டேன். இப்போதும் காதில் இருக்கிறது.

"அக்கா, அடுத்த மழைக்காலத்துக்குள்ள அந்த லோங்காங்கை ஆழமா வெட்டிக் கட்டணும்," என்றார் என்னிடம். "இல்லாட்டி இவளை நான் தண்ணிக்குக் குடுத்துடுவேன்."

மகன் பிராண்டன் சிங்கப்பூரில் வேலை. அப்பாவையும் அம்மாவையும் அங்கே கூட்டிப் போக அவனுக்கு இடம் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஜோகூர்த் தேர்தல் வந்தபோது, "வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போடா" என்று இவர் போன் பண்ணினார். "நான் ஒருத்தன் போட்டு என்னப்பா ஆகப் போகுது? பாலத்துல ஜாம் தெரியும்ல?" என்றான். பள்ளத் தாமானில் முக்கால்வாசிப் பேர் போகவில்லை. அன்றைக்கு யார் வீட்டிலும் கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை. வீட்டில் படுத்துத் தூங்கினார்கள்.

நடையாய் நடந்து சந்தனசாமி கடைசியில் ஒரு பதில் வாங்கினார். இந்த வருஷம் ஒரே ஒரு தாமானுக்குத்தான் புது லோங்காங். டேவானில், அதாவது ஊர் மண்டபத்தில், கூட்டம் போடுவார்கள். இரண்டு தாமான்காரர்களும் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், அதைப் பார்த்து முடிவு பண்ணுவார்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அப்போது ஜோகூரில் வெள்ளி, சனிதான் அரசாங்க லீவு. ஞாயிறு ஆபீஸ் திறந்திருக்கும், சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்களும் வீட்டில் இருப்பார்கள். இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

வீடு வீடாகப் போனார். முதல் வீடு பக்கத்துச் சுவர், செல்லப்பன். இந்தச் செல்லப்பனை அவன் அம்மா பெற்றபோது பிரசவம் பார்த்தது சந்தனசாமியின் அம்மாதான். தொப்புள்கொடியை அறுத்த கை அது.

"வராம இருப்பேனா அண்ணே? நீங்க பேசுங்க, நாங்க பின்னாடி நிக்கிறோம்."

அடுத்து தனலெட்சுமி. அவள் தாத்தாவுக்கு அந்தோணிமுத்து தண்டல் ஒருமுறை அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டிவிட்டார். தாத்தா செத்துப் புல் முளைத்துவிட்டது. இவள் இன்னும் மறக்கவில்லை.

"உங்க அப்பாரு பேசியே எங்க வயித்துல அடிச்சாரு. நீங்களாவது பேசி ஏதாச்சும் வாங்கிக் குடுங்க."

"நான் பேசுறது முக்கியம் இல்லம்மா. நீங்க எல்லாரும் வந்து உட்காரணும். அவங்க தலையைத்தான் எண்ணுவாங்க."

"அதெல்லாம் வர்றோம் லா. ஒய்பி கூப்பிட்டு வராம இருப்போமா?" உள்ளே திரும்பி மகளைப் பார்த்துக் கண்ணடித்தாள். இதை அந்த மகளே பிறகு என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் சந்தனசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முச்சந்தியில் நின்றார். தெருக்காரன் மதிவாணன் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸைச் சொல்லி வைத்திருந்தார், அதுவும் வந்து நின்றது. ஆட்கள் வரவில்லை. செல்லப்பன் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். முச்சந்தியிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரம். கையை ஆட்டி, "போங்க அண்ணே, போங்க!" என்றான். அவன் போகச் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. தண்டல் போகிறார், வேலை நடந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்படியே பழகிய ஜனம்.

பஸ்ஸில் ஏறியது கிழவர் அய்யாவு ஒருத்தர்தான். அவருக்குக் காது கேட்காது.

டேவானில் மேட்டுத் தாமான்காரர்கள் நிரம்பி வழிந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு சீனக் கிழவியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பின்வரிசையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் எழுந்து அவரவர் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். பள்ளத் தாமான் முறை வந்தது. சந்தனசாமி எழுந்தார்.

"என்சிக், உங்க ஆளுங்க எங்க?" என்று மலாயில் கேட்டார் அதிகாரி.

"அவங்க எல்லாருக்கும் சேர்த்து நான் பேசுறேன்."

"உங்களை யாரு தேர்ந்தெடுத்தா?"

அந்த நேரம் பார்த்து அய்யாவு சந்தனசாமியின் கையை இழுத்து, டேவான் முழுக்கக் கேட்கிற மாதிரி, "தம்பி, அரிசி எப்பக் குடுப்பாங்க?" என்றார். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள்.

லோங்காங் மேட்டுத் தாமானுக்குப் போனது. ஆள் இறங்கி நடக்கிற ஆழத்துக்குச் சிமெண்டில் கட்டினார்கள். அதன் வாய் எங்கே வந்து முடிந்தது என்று நினைக்கிறீர்கள்? பள்ளத் தாமானின் தலைமாட்டில், நம்முடைய அந்த முழங்கால் ஆழச் சாக்கடையில். மேட்டுத் தண்ணீர் முழுக்க இனி இங்கேதான்.

அப்போது வாய் திறந்தார்கள் எல்லாரும். ஆபீசில் போய்த் திறக்கவில்லை. சந்தனசாமி வாசலில் வந்து திறந்தார்கள்.

"ஒய்பி போயி நமக்குத் தண்ணி வாங்கிக் குடுத்துட்டாரு டோய்!"

"மேட்டுக்காரன் வீட்டுல கை நனைச்சிருப்பான். அப்பன் புத்தி எங்க போகும்?" என்றாள் தனலெட்சுமி.

"நீங்க வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"நாங்க வந்து என்ன பண்றது? பேசத் தெரிஞ்சவரு நீங்கதானே? பேசி என்னத்தைக் கிழிச்சீங்க?"

ஒருநாள் காலையில் அவர் வீட்டு வாசல் கேட்டில் மீன் குடல் பையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். செசிலியா கட்டிலுக்கு நேரே ஜன்னல். ஈ மொய்ப்பதை அவள் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மார்ச்சில் மழை பிடித்தது. வியாழன் தொடங்கியது விடவில்லை. வெள்ளி மதியம் சிமெண்டு வாயிலிருந்து தண்ணீர் குழாய் திறந்த மாதிரி பாய்ந்தது. ஆபீசுக்குப் போன் அடித்தார். வெள்ளிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. பிராண்டனுக்கு அடித்தார். "வர்றேன்பா, வழியெல்லாம் தண்ணி" என்றான். தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு வந்ததும் செசிலியாவைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையில் கிடத்தினார். அவருக்கும் வயசு எழுபது தாண்டிவிட்டது, ஒற்றை ஆளாக அவளை அதற்குமேல் தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் செல்லப்பனின் குரல் கேட்டது.

"செல்லப்பா! ஒரு கை குடுடா! அண்ணியைத் தூக்கணும்!"

"இருங்க அண்ணே, இந்த ஐஸ்பெட்டியை மட்டும் மேட்டுல ஏத்திட்டு ஓடி வந்துர்றேன். புதுசு அண்ணே, ஆறு மாசம்கூட ஆகல!"

ஐஸ்பெட்டிக்கு நாலு ஆள் சேர்ந்தார்கள். தலையில் தூக்கி வைத்து, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். தண்ணீர் மேசைக்கு மேல் ஏறியது. சந்தனசாமி மேசையில் ஏறி உட்கார்ந்து செசிலியாவின் தலையை மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் "ம்ம், ம்ம்" என்றாள். பிறகு சொல்லவில்லை. குளிரில் அவள் மூச்சு நின்றுபோனது அவருக்குத் தெரியாது. செல்லப்பன் வந்து பார்த்துத்தான் சொன்னான்.

ஐஸ்பெட்டி பிழைத்துவிட்டது. இன்றைக்கும் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். தண்ணீர் வடிந்து, சேற்றை அள்ளிப் போட்டுவிட்டு, பள்ளத் தாமானே திரண்டு வந்துவிட்டது. சாவுக்கு வராத வீடு நம்மிடையே கிடையாது, மதமும் பார்க்க மாட்டோம். கோயிலிலிருந்து நாற்காலி கடன் வாங்க வேண்டியிருந்தது. தனலெட்சுமி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அக்கா, உன் சிரிச்ச முகத்தை எப்பப் பார்ப்பேன்" என்று அழுதாள். மலர் வளையம் கொண்டுவந்த நிஜ ஒய்பியின் ஆளைச் சுற்றி நின்று, வெள்ள உதவிப் பணம் எப்போது வரும் என்று கேட்டார்கள்.

சாமியார் ஜெபம் முடித்ததும் சந்தனசாமி எழுந்தார். பெட்டியின் தலைமாட்டில் நின்றார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் திறந்திருக்கு. எல்லாரும் வந்திருக்கீங்க. கல்லறைக்குப் போற வழியில ஆபீஸ் முன்னாடி இவளோட கொஞ்ச நேரம் நிப்போம். ஒருத்தரும் பேச வேணாம். சும்மா நின்னா போதும். அடுத்த மழை உங்க வீட்டுக்குத்தான் வரும்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "சரி அண்ணே," என்றான் செல்லப்பன். "நீங்க முன்னாடி போங்க, நாங்க பின்னாடி வர்றோம்."

சவ வண்டியில் நானும் இருந்தேன். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சந்தனசாமி இறங்கினார். பின்னால் கார்கள் வரிசையாக வந்தன. முதல் கார் சிக்னல் போட்டு விலகி, எங்களைத் தாண்டிப் போனது. அடுத்ததும் போனது. மதிவாணன் பஸ், உள்ளே தனலெட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், அதுவும் போனது. செல்லப்பன் மட்டும் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணே, நீங்க பேசிட்டு வாங்க. வெயில் ஏறுது. நாங்க போயி குழியைப் பார்த்துக்கிறோம்."

தெரு காலியானது. காவலாளி வந்து, இங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்றான். பிராண்டன் இறங்கி அப்பாவின் தோளைப் பிடித்தான்.

"ஏறுப்பா. ஆளுங்க பார்க்கிறாங்க. அசிங்கமா இருக்கு."

அவர் மகனைப் பார்த்தார். ஏறினார்.

கல்லறையில் எல்லாரும் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருத்தர் குறையவில்லை. குழியில் மழைத்தண்ணீர் ஊறி நின்றது. பெட்டியை அதில் எப்படி இறக்குவது? யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எங்கிருந்தோ வாளிகள் வந்தன. ஆண்களும் பெண்களும் குழியிலிருந்து வேலி வரைக்கும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி இறைத்தார்கள். அய்யாவுகூட வரிசையில் நின்றார். தண்ணீர் ஓடிப் போவதற்கு வேலி ஓரம் ஒரு கால்வாயும் வெட்டினார்கள், நல்ல ஆழமாக. ஒரு சொட்டு இல்லாமல் குழி காய்ந்தது.

சந்தனசாமி ஓரமாக நின்று அந்தக் கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லப்பன் மூச்சு வாங்க வந்து, சேற்றுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"பார்த்தீங்களா அண்ணே, நம்ம ஆளுங்க ஒத்துமையை."