காயாக்கிளைக்கு ஒரு விண்ணப்பம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் கோயில் கமிட்டித் தலைவர், பொருளாளர், பூசாரி, அப்பா, நான். வராதவர் அய்யனார் மட்டும். அவர் இருக்கும் கோயில்காடு கூப்பிடு தூரம்தான். பேசியதெல்லாம் அவர் பெயரால்.

விஷயம் சின்னது. காரைக்குடிக் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். எங்கள் பக்கத்துச் செடிகளைப் பூவோடு உலர்த்தித் தாளில் ஒட்டி ஆல்பமாகக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிராக்டிகலில் அரியர். காயா மட்டும்தான் பாக்கி. அந்தப் புதர் எங்கள் ஊரில் கோயில்காட்டில்தான் இருக்கிறது. கிளையை ஒட்டி நீலநீலமாகப் பூக்கும். ஒரு வாரத்தில் கொட்டிவிடும். அங்கே குச்சி ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு.

வீட்டில் முதலில் படித்தவன் நான். அதனால் பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, ஒரு சாண் கிளைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.

தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். "எழுத்துல வந்திருச்சே. இனிமே தெரியாத மாதிரி இருக்க முடியாதுல்ல?"

அந்நேரம் அவருடைய ஆடுகள் காட்டுக்குள்ளிருந்து வந்தன. ஒன்றின் வாயில் காயாக்கொத்து, பூவோடு.

"அதுக்கு எப்பண்ணே உத்தரவு குடுத்தீக?" என்றார் அப்பா.

"அதுக்கு எழுதப் படிக்கத் தெரியுமாப்பா? தெரியாமச் செஞ்சா சாமி பொறுத்துக்கிரும். ஒம் மகன் படிச்ச புள்ள."

கடைசியில் சாமியிடமே பூக்கட்டிக் கேட்பதென்று முடிவாயிற்று. வெள்ளைப்பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு வெள்ளிக்கிழமைதான் ஆகுமாம். அன்று சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை வெள்ளையே வந்தது. "சாமி குடுத்திருச்சு. வெறுங்கையோடவா வாங்குவீக?" என்றார் பூசாரி. பொங்கல், மாலை, மூவருக்கும் துண்டு. அப்பா கடன் சொல்லி எல்லாம் வாங்கிவர ஞாயிறு ஆகிவிட்டது.

ஞாயிறு காலை புதரடி முழுக்க நீலம். கிளையில் ஒரு பூ இல்லை.

"கீழ கெடக்குறத அள்ளிக்கப்பா, அதுக்குக் கட்டு இல்ல" என்றார் பொருளாளர் பெருந்தன்மையாக. புதுத் துண்டு தோளில் இருந்தது.

உதிர்ந்த பூவைக் கிளையில் பசை வைத்து ஒட்டிக் கொண்டுபோனால் என்ன என்று அப்பா கேட்டார். அது பொய்யாகிவிடும் என்றேன். அவர் பூவில்லாத கிளையையே ஒரு சாண் அளந்து ஒடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "எங்கிட்டச் சொல்லியிருந்தா ஆட்டுக்குக் கொழ ஒடிக்கையில கொண்டாந்திருப்பேன்ல. ஊரே அப்படித்தான் ஒடிக்குது. ஒன்னய யாருடா எழுதச் சொன்னது?"

ஆசிரியர் தாளைப் பார்த்தார். "பூ எங்கப்பா?" ஆல்பம் திரும்பி வந்தது.

பொங்கல், மாலை, மூன்று துண்டு, அரியர் கட்டணம் எல்லாம் சேர்த்து, பூவில்லாத ஒரு சாண் காயாக்கிளைக்கு எங்கள் வீட்டுக்கு ஆன செலவு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.