சர்வர் சரியாகவில்லை

யாராவது போனை நீட்டினால் வைரவன் அதை வாங்கும்போதே தோளைச் சற்றுத் திருப்பிக்கொள்வான். திரை அவன் பக்கம் போய்விடும். கொடுத்தவருக்கு அவனுடைய முழங்கை மட்டும்தான் தெரியும். அஜ்மானில் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த காலத்திலிருந்தே இந்தப் பழக்கம். அடுத்தவர் போனில் இருப்பது அறையில் எல்லோர் கண்ணிலும் பட வேண்டாம் என்று பையன் மரியாதையாக நடந்துகொள்கிறான் என்று பலர் நினைத்தார்கள். படித்த பிள்ளையல்லவா.

அதே அறையில் தங்கியிருந்த ஏசி மெக்கானிக் சேதுமாதவன் மட்டும் அப்படி நினைக்கவில்லை. நாகர்கோவில்காரர். கட்டிலில் படுத்தபடியே வேடிக்கை பார்ப்பார்.

"நோயாளிக்கே எக்ஸ்ரேயைக் காட்டாத டாக்டரை இங்கதாம்டே பாக்கேன்" என்பார்.

வைரவன் சிரித்து மழுப்பிவிடுவான். உண்மை என்னவென்றால், கேட்ட வேலை பாதி நேரம் அவனுக்கே தெரியாது. ஒரு கையில் அவர்களுடைய போன், இன்னொரு கையில் தன்னுடைய போன். இதில் தேடி, அதில் தட்டி, தப்பான இடத்துக்குப் போய்த் திரும்பி வந்து, ஒருவழியாகக் கண்டுபிடிப்பான். அந்தத் தடுமாற்றத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தோள் திரும்பியது.

காளையார்கோவில் பக்கத்து ஊர் அவனுக்கு. வீட்டில் முதல் பட்டதாரி. படித்தது பொருளாதாரம். ஷார்ஜாவில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் பெட்டி எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. அங்கே அவனிடம் பொருளாதாரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் டியூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி மாடியேறினால் போதும், "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு போன் வரும். பட்டம் செல்லுபடியாகிற ஒரே இடம் அந்த மாடிப்படிதான் என்று அவனுக்குத் தோன்றும்.

எழுத்து சின்னதாக இருக்கிறது என்பார் ஒருவர், பெரிதாக்கிக் கொடுப்பான். காலை வணக்கப் படங்களாக வந்து போன் நிறைந்துபோனது என்பார் இன்னொருவர். படங்கள் தானாக இறங்காதபடி நிறுத்திவிடுவான். ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் தன் வாட்ஸப் திறந்தே கிடக்கிறது என்று பயந்து வருபவருக்கு அதை அறுத்துவிடுவான். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் செட்டிங்ஸ்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அடுத்த மாதம் அதே ஆள் அதே சிக்கலோடு சுலைமானி டீயும் சமோசாவும் வாங்கிக்கொண்டு வருவார். அந்தத் திரும்பி வருதல் அவனுக்குப் பிடித்திருந்தது. சொல்லிக் கொடுத்திருந்தால் வருவார்களா?

கட்டடத்தில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது. புதுப் போனுக்குக் கணக்குத் தொடங்க வேண்டுமென்றால் வைரவனே ஒரு முகவரி உண்டாக்குவான். கடவுச்சொல்லும் அவனே வைப்பான். கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்க ஓர் எண்ணும் ஒரு மின்னஞ்சலும் கேட்கும். எண்ணுக்கு அவர்களுடைய துபாய் எண். மின்னஞ்சலுக்குத் தன்னுடைய கல்லூரிக் காலத்து முகவரி. அவர்களிடம் கேட்டால் குழம்புவார்கள், எதற்கு வம்பு.

ஹசன் அலிக்கும் அப்படித்தான் செய்து கொடுத்தான்.

ஹசன் அலி கீழக்கரைக்காரர். பர் துபாயில் மீனா பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை. வாடகைக்குப் பயந்து அஜ்மானில் தங்கி, தினமும் பஸ்ஸில் போய் வந்தார். அந்த நாட்டில் வாட்ஸப்பில் நேராகப் பேச முடியாது, குரலைப் பதிந்து அனுப்பலாம். அவருடைய மகள் நஜீஹா போனைப் பிடிக்கத் தெரிந்த வயதிலிருந்து வாப்பாவுக்குக் குரல் அனுப்பிக்கொண்டிருந்தாள். பூனை குட்டி போட்டது, ஒன்பதாம் வாய்ப்பாடு, உம்மா அடித்தது, அடித்ததற்கு வாப்பா வந்து கேட்க வேண்டும் என்பது. ஹசன் அலி ஒன்றைக்கூட அழிக்கவில்லை. போகப் போகப் போன் நிறைந்து, புதுச் செய்தியே இறங்காமல் நின்றது.

வைரவன் தோளைத் திருப்பிக்கொண்டு வேலையை முடித்தான். குரல்கள் எல்லாவற்றையும் தான் தொடங்கிக் கொடுத்த கணக்கின் மேகச் சேமிப்பான டிரைவில் ஏற்றினான். ஏறியதும் போனிலிருந்து அழித்தான். போன் இலேசானது.

"புள்ள குரலெல்லாம் எங்கே தம்பி?"

"எல்லாம் மேல இருக்கு பாய்."

"மேலன்னா? அல்லாட்டயா?" என்று கேட்டுத் தானே சிரித்தார் ஹசன் அலி. அப்புறம் பஸ்ஸில் போகும்போது அந்த மேகத்திலிருந்து தினம் ஒரு குரலை இறக்கிக் கேட்கப் பழகிக்கொண்டார்.

போன வருஷம் அவர் விசாவை முடித்துக்கொண்டு கேன்சலில் ஊருக்குக் கிளம்பினார். இனி வரப்போவதில்லை. பழைய போனைக் கொடுத்துப் புதுப் போன் வாங்கலாம் என்று ஒரு கடையில் சலுகை போட்டிருந்தார்கள். கூடப் போன வைரவன் கவுன்ட்டரில் நின்றே பழைய போனில் இருந்ததையெல்லாம் துடைத்துக் கொடுத்தான். விற்பனையாளர் "ஜல்தி பாய்" என்று அவசரப்படுத்தினார். புதுப் போனில் பழைய கணக்கைப் போட முயன்றபோது கடவுச்சொல் ஒத்துவரவில்லை. எத்தனையோ பேருக்கு வைத்தது, இவருக்கு வாலில் எதைச் சேர்த்தோம் என்று நினைவில்லை. அதைச் சொல்லாமல் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கினான். ஊருக்குப் போனதும் பழையதைச் சேர்த்துக்கொள்ளலாம் பாய் என்றான். ஹசன் அலி அவன் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். இங்கத்திய எண்ணும் அவரோடு முடிந்தது.

ஊருக்குப் போன சில வாரங்களில் அவரிடமிருந்து குரல் வந்தது. ஹசன் அலி நிதானமாகப் பேசுகிறவர். மனைவி உம்மு சல்மா சுகம், தானும் சுகம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. போன்ல அத்தனை பேச்சுப் பேசுன புள்ள, நேர்ல எங்கிட்ட பேச மாட்டேங்குது. கூச்சப்படுது. விருந்தாளியப் பாக்குற மாதிரி பாக்குது. பேசுனா, உம்மாட்ட சொல்லி உம்மா எங்கிட்ட சொல்லுறா. அந்தப் பழைய குரலையெல்லாம் போட்டுக் காட்டுனா சிரிப்பாள்ல? ரெண்டு பேரும் உக்காந்து கேக்கலாம்ல? அதை மட்டும் எடுத்துக் குடுங்க."

வைரவன் முயன்றான். உண்மையாகவே முயன்றான். நினைவுக்கு வந்த கடவுச்சொற்களையெல்லாம் போட்டான். கணக்கு ஒரு எண்ணுக்குக் குறியீடு அனுப்புகிறேன் என்றது. அந்த எண் கேன்சலாகிவிட்டது. இல்லையென்றால் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன் என்றது. அது அவனுடைய கல்லூரி முகவரி. அதைத் திறக்கப் போனான். அதற்கும் கடவுச்சொல் மறந்திருந்தது. அதன் மீட்பு எண், இந்தியாவில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு வேறு யாருக்கோ போய்விட்ட அவனுடைய பழைய எண். கட்டடத்தில் பாதிப் பேரின் சாவியைத் தொங்கவிட்டிருந்த ஆணி அவன் கையில் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். பாய், தப்பு என்னுடையது, கடவுச்சொல்லை மறந்துவிட்டேன், போனைத் துடைத்ததும் நான்தான் என்று நான்கு வார்த்தை. அவன் பதிந்து அனுப்பியது வேறு.

"சர்வர் ப்ராப்ளம் பாய். அவங்க பக்கம் சரியானதும் வந்துரும்."

படிக்காதவர்கள் மறுபேச்சுப் பேச முடியாத சொல் அது. அவனுக்கு அது நன்றாகத் தெரியும். அவனுடைய அப்பாவை வங்கியில் ஒருவர் இதே சொல்லைச் சொல்லித் திருப்பி அனுப்பியபோது, பள்ளிக்கூட உடையில் கூட நின்றவன் அவன்தான்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்து ஹசன் அலியின் குரல் வரும். சர்வர் சரியாயிட்டா தம்பி என்று கேட்பார். அவசரமில்லை என்றும் அவரே சொல்லிக்கொள்வார். வைரவன் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவான். அதை அனுப்பும்போது காது சூடாகும்.

கட்டடத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வேறொன்று. வைரவன் மாறிவிட்டான். இப்போது யார் போனை நீட்டினாலும் கையில் வாங்குவதில்லை. சாப்பாட்டு விரிப்பில் வைக்கச் சொல்கிறான். "உங்க விரலால அழுத்துங்க" என்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரியாத இடம் வந்தால் "இது எனக்கே தெரியலண்ணே, தேடிப் பார்ப்போம்" என்கிறான். முதல் தடவை அதைச் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்டவர் அதைக் கவனிக்கவே இல்லை, தேடுங்க என்றார், அவ்வளவுதான்.

தான் தொடங்கிக் கொடுத்த கணக்குள்ளவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தான். கடவுச்சொல்லை அவர்களே மாற்றும்படி செய்தான். மீட்பு எண்ணாக இங்கத்திய எண்ணை வைக்காதீர்கள், நாம் போனால் அதுவும் போய்விடும், ஊரில் மனைவியின் எண்ணையோ பிள்ளையின் எண்ணையோ வையுங்கள் என்றான். கேன்சலில் போகிறவர்களுக்குத் தனியாகச் சொன்னான்: சிம் உயிரோடு இருக்கும்போதே வாட்ஸப்பை ஊர் எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய போனைத் துடைப்பதற்கு முன்னால், புதுப் போனில் கணக்கு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றிய இடத்தில் ஒரு படத்தையாவது ஒரு குரலையாவது திறந்து பார்த்த பிறகுதான் இருந்த இடத்தில் அழிக்க வேண்டும். இதையெல்லாம் குரலாகப் பதிந்து கட்டடத்து வாட்ஸப் குழுவில் போட்டான். அது அங்கிருந்து துபாய் சத்வாவுக்கும், குவைத்தில் மங்காஃபிலிருந்த யாரோ ஒருவரின் மச்சானுக்கும் போய்ச் சேர்ந்தது. முகம் தெரியாதவர்கள் நன்றி அனுப்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடி சேதுமாதவன் சொன்னார்.

"முன்னெல்லாம் உனக்கு நாலு பேர் வரணும்னு இருந்துச்சு. இப்ப வராம இருக்க வழி சொல்லுத. என்னடே ஆச்சு? எவளாவது நல்ல புத்தி சொன்னாளா?"

"சும்மாதான் அண்ணே."

"நல்ல மனசுடே உனக்கு."

வைரவன் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினான். நல்ல மனசு என்று சொன்ன மனிதருக்கு முன்னால், அந்தக் குரலில் உள்ள ஒவ்வொரு யோசனையும் ஹசன் அலிக்குத் தான் செய்யாமல் விட்டதுதான் என்று சொல்ல வாய் வந்தது. வந்து, திரும்பிப் போனது. எல்லோருக்கும் வழி சொல்லிவிட்டால் ஒருவருக்குச் செய்தது கழிந்துவிடும் என்று எங்கேயோ கணக்குப் போட்டிருந்தான். படித்தவன் போடுகிற கணக்குதான் அதுவும்.

அன்று சாயங்காலம் ஹசன் அலியின் எண்ணிலிருந்து செய்தி வந்தது. குரல் இல்லை, எழுத்து. கூடவே போன் திரையின் படம் ஒன்றும் வந்திருந்தது. அந்தப் படத்தில், குறியீட்டை இந்த மின்னஞ்சலுக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்குக் கீழே முகவரியின் முதல் எழுத்துகள் மட்டும் தெரிந்தன. vai என்று தொடங்கி அப்புறம் புள்ளிகள்.

"அண்ணா, நான் நஜீஹா. இது உங்க மெயில்தானே? கோட் உங்களுக்குத்தான் வருது போல. வரலைன்னா உங்களுக்கும் அது தொறக்கலைன்னு நெனைக்கிறேன். சர்வர்னு நீங்க சொன்னதை வாப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க. அது இல்லைன்னு நான் சொல்லல."

வைரவன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இரண்டாவது செய்தி வந்தது.

"பாஸ்வேர்ட் என்னவா இருக்கும்னு நானும் வாப்பாவும் தினம் உக்காந்து போட்டுப் பாக்குறோம். கடை பேரு, பஸ் நம்பர், எல்லாம் போட்டாச்சு. அந்தக் கடையில என்ன விப்பீங்கன்னு இப்பதான் நான் கேட்டேன். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்தா அனுப்புங்க. வராட்டி வாப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

அதைப் பலமுறை படித்தான். தகப்பனும் மகளும் ஒரே திரைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்தது. அவர்களாவது பேசிக்கொள்கிறார்களே என்று முதலில் ஓர் ஆறுதல் எழுந்தது. நாம் இப்போது உண்மையைச் சொன்னால் அந்த உட்காருதல் நின்றுவிடுமே என்று அதற்குப் பின்னாலேயே ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் உடனே தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி அவன் பொய்யை அவளுடைய வாப்பாவுக்குத் தெரியாமல் மூடிவைத்திருக்கிறாள். அவனுடைய தோளின் வேலையை அவள் செய்துகொண்டிருக்கிறாள்.

கைக்கு எட்டிய கடவுச்சொற்களையெல்லாம் அவளுக்கு எழுதி அனுப்பினான். எல்லாம் ஏற்கெனவே போட்டுப் பார்த்தவை. இருந்தாலும் அனுப்பினான். பிறகு ஹசன் அலிக்கென்று ஒலிவாங்கியை அழுத்தி, "பாய், ஒரு விஷயம்" என்று தொடங்கினான். பாதியில் இடப்பக்கம் இழுத்து அழித்தான். மறுபடி தொடங்கினான். சேதுமாதவன் எழுந்து டீ போடச் சமையலறைக்குப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் குரல் வந்தது. ஹசன் அலியின் குரலில் இம்முறை ஓர் உற்சாகம். பின்னால் ஒரு பெண்பிள்ளை ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"தம்பி, சுகமா? சர்வரு இன்னும் சரியாகலையாம்ல, நஜீஹா சொன்னா. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க. எங்களுக்காக எவ்வளவு அலையுறீங்க."

வைரவன் கட்டைவிரல் படத்தைத் தேடினான். இன்று அதையும் அனுப்ப முடியவில்லை. போனை விரிப்பின் மேல் திரை தெரியும்படி வைத்தான். ஹசன் அலி பதிலுக்குக் காத்திருப்பது அவர் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் வெளியே போய்விட்டார்.

அந்தக் குரலுக்கு இன்றுவரை பதில் போகவில்லை.