ஆற்றில் இறங்கிய ஆடம்பரக் கார்

போன ஞாயிற்றுக்கிழமை மாகறல் கோயிலில் ஒரு கல்யாணம். முகூர்த்த நேரத்தில் பெண் மணவறையில் இருந்தாள். பெண்ணின் அப்பா செய்யாற்றுக்குள் இருந்தார்... காரோடு.

பெண்ணின் அப்பா வேறு யாருமில்லை. என் மனைவியின் அண்ணன் தண்டபாணி. பெருநகர் என்ற ஊரில் ரைஸ்மில் வைத்திருக்கிறார். பெண் அமுதாவின் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய கார் எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் பரவியிருக்கிற வதந்தி. அதனால் போன மாதம் சென்னை ஷோரூமுக்கு என்னையும் கூட்டிப் போனார்.

வெளிநாட்டுக் கம்பெனி. பெயர் வேண்டாம். டை கட்டிய விற்பனைப் பையன் விளக்கினான்.

"இது காரும் இல்ல, ஜீப்பும் இல்ல சார். ரெண்டுக்கும் நடுவுல. கிராஸ்ஓவர்னு சொல்வோம்."

"அப்ப ரெண்டுமே பாதி பாதிதான் குடுப்பியா?" என்றார் தண்டபாணி.

பையன் சிரிக்கவில்லை. பயிற்சி அப்படி. வண்டியைச் சுற்றிக் காட்டினான். முன்பக்கம் யார் மேலோ கோபமாக இருப்பதுபோல் விளக்குகள். பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை - பார்க்க அழகு, பின்னால் உட்கார்ந்தால் தலை இடிக்கும். கல் தெறித்தால் தாங்க, கீழே சுற்றிலும் கறுப்புப் பட்டை. அடியில் வெள்ளியாகப் பளபளக்கும் கவசம். தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக்!

மொத்தத்தில், இமயமலையிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்த மாதிரி இருந்தது.

மாடல்கள் மூன்று. அடி மாடலில் எல்லாம் குறைவு. நடு மாடலில் கூரையில் திறந்து மூடும் கண்ணாடி உண்டு. உச்சி மாடலில் அதோடு நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகும். மற்ற இரண்டிலும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான்.

"நாலு சக்கரம் இழுக்கிறது வெளிய பாத்தா தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாததுக்கு இன்னாத்துக்கு வெச்சிக்கீறீங்க?"

நடு மாடலை எடுத்தார். கண்ணாடிக் கூரையைத் திறந்தால் அமுதா எழுந்து நின்று மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பிடலாம் என்பது அவர் கணக்கு. நானும் தலையாட்டினேன். எனக்கு என்ன தெரியும்?

கல்யாணத்தன்று உறவுக்காரர்கள் எல்லாம் வேனில் ரோட்டு வழியாக முன்னாலேயே போய்விட்டார்கள். எங்கள் காரில் தண்டபாணி, அவர் மனைவி, அமுதா, நான். ஆற்றங்கரை வந்ததும் தண்டபாணி ரோட்டை விட்டுத் திருப்பினார்.

"மச்சான், எங்க போறீங்க?" என்றேன்.

"ஆத்துல எறங்கி ஏறுனா நேரா கோயிலு. மாப்ள வூட்டு சனம் மொத்தம் கரையில நின்னுக்கினு கீது மாப்ளே. பாக்கட்டும்!"

தண்ணீர் இல்லாத ஆறு. மாட்டு வண்டி போகும் தடம். டிராக்டர் போகும் தடம். இந்த வண்டியின் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அமுதா கூரைக்கு வெளியே தலையை நீட்டி எழுந்து நின்றாள். பாதி ஆறு ராஜ நடை. அப்புறம் மணல். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க முன் சக்கரங்கள் இறங்கின. பின் சக்கரங்கள் வேடிக்கை பார்த்தன.

கரையில் மாப்பிள்ளை வீட்டு சனம் மொத்தமும் பார்த்தது. கும்பிடத் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அமுதா அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

முகூர்த்தம் நெருங்குகிறது. "நீங்க போய்க்கினே இருங்க. டிராக்டர் இட்டாரச் சொல்லிக்கீறேன். பின்னாலயே வந்துர்றேன்" என்றார் தண்டபாணி. பட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அமுதா மணலில் நடந்தாள். பின்னால் அவள் அம்மா, நான்.

மணவறையில் ஐயர் கேட்டார்.

"பொண்ணுக்கு அப்பா எங்கே? தாரை வார்க்கணுமே!"

"ஆத்துல கீறாரு" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

கார் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், புதுக் காரைத் தனியே விட்டு வர மனசு வராது. சின்னப் பசங்க சுற்றி நிற்கிறார்கள், கீறல் விழும் என்ற பயம். டிராக்டரோ வந்தபாடில்லை. நேரமாகிறது, பெண்ணின் சித்தப்பாவே உட்கார்ந்து தாரை வார்த்துவிடட்டும் என்றார்கள். சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தும்விட்டார். அந்த மனிதர் இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த கல்யாணம் அது.

"நைனா வராம நான் கைய நீட்ட மாட்டேன்" என்றாள் அமுதா. என்னைப் பார்த்தாள். "மாமா, செல்ல குடு."

போட்டுக் கொடுத்தேன். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நைனா, காரு மணல்ல பொதஞ்சிக்கினு கீது. அத்த எவனும் தூக்கிக்கினு போவ மாட்டான். என்னத்தான் இன்னும் கொஞ்ச நேரத்துல இட்டுக்கினு போயிடுவாங்க. வா."

மறுபக்கம் கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது... ரொம்ப நல்ல கதவு அது, மெத்தென்று மூடும்.

ஐம்பத்திரண்டு வயசு மனிதர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்று மணலில் ஓடி வந்ததைப் பார்த்தேன். செருப்பு இல்லை. கரையிலிருந்த சனம் வழி விட்டது, யாரும் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்து, மகள் கையைப் பிடித்து, மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தார். ஓடி வந்த அவசரத்தில் பாதித் தண்ணீர் ஐயர் மேல் போயிற்று. நான் கர்ச்சீப்பைத் தேடினேன். கண்ணில் புகை பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டிராக்டர் மறுநாள் காலைதான் வந்தது. காரை இழுத்துக் கரையேற்றிவிட்டு, "ஓனர் எங்க?" என்று டிரைவர் கேட்டிருக்கிறார்.

ஓனர், மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தார்.